வெறும் வயிற்று ரத்தம்

எனக்கு வந்தது என்ன நோய் என்று கடைக்கு வருகிறவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. "தசையில வீக்கம், இப்ப பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் பொட்டலம் கட்டத் தொடங்கிவிடுவேன். போன மாதம் ஒரு அம்மாள் கடைக்கே தேடி வந்தார். அவருடைய கணவருக்கும் இதே நோயாம். நின்றபடியே அழுதார். எனக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வரவில்லை. அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். இதில் மருத்துவ விஷயம் எதுவும் தப்பாக இருந்தால், நான் புரிந்துகொண்டதில்தான் கோளாறு. எனக்குச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

நான் பிழைக்க வந்த வங்காளத்தில், லேக் மார்க்கெட்டில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அரைக்கும் மிஷினின் வாய் என் தலைக்கு மேலே இருக்கும். வறுத்த கொட்டையைத் தூக்கி அதில் கொட்ட வேண்டும். வருஷக்கணக்காக யோசிக்காமல் செய்துவந்த வேலை. ஒரு மழைக்காலத்தில் கை பாதி வழியில் நின்றுவிட்டது. வலி இல்லை. கை மேலே போக மறுத்தது, அவ்வளவுதான். பிறகு தலை சீவ முடியவில்லை. எங்கள் வீடு இருக்கும் டாக்குரியாவில் பஸ் படி ஏறும்போது கண்டக்டர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. வாதம் என்று முதலாளி சொன்னார். எண்ணெய் தேய்த்துக்கொண்டோம். எண்ணெய் தீர்ந்ததே தவிர, கை எழும்பவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. என் மனைவி செண்பகம் சொம்பைக் கீழே வைத்தாள்.

"இனி எண்ணெய் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றாள்.

டாக்டர்கள் படிக்கிற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி அது. புறநோயாளிகள் உட்காரும் பெஞ்சில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. இடம் கிடைத்துவிட்டால் எனக்கு எழுந்திருப்பது அதைவிடப் பெரும்பாடு. செண்பகம் பின்னால் நின்று கக்கத்தில் கையைக் கொடுத்து, குழந்தையை எடுப்பதுபோல் என்னை எடுப்பாள். எல்லோரும் பார்ப்பார்கள். நோயைவிட அந்தப் பார்வைதான் அப்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தசையில் மெல்லிய ஊசியைக் குத்தி, அதற்குள் ஓடும் மின்சாரத்தை ஒரு பெட்டியில் கேட்டார்கள். மழை தகரத்தில் விழுவதுபோல் சத்தம் வந்தது. தொடையிலிருந்து துவரம்பருப்பு அளவு சதையை வெட்டியெடுத்தார்கள். வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது தொண்டையில் இறங்குவதைப் படம் பிடித்தார்கள். பாதிதான் இறங்கியது. அன்றே வார்டில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள். சாப்பாடெல்லாம் கஞ்சியாகக் குழாய்க்குள் போயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் படுக்கைக்குச் செலவில்லை. வெளியே வாங்கச் சொன்ன மருந்துகளுக்கு முதலாளி கைகொடுத்தார். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

நோயின் பெயரை எனக்கு முதலில் சொன்னவர் டாக்டர் ஷர்மிஷ்டா. முப்பத்தைந்து வயது இருக்கலாம். பருத்திப் புடவை, தோளில் ஒரு ஜோல்னாப் பை. வார்டு வேலை போக, ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துதான் பேசுவார். நின்றபடி பேசி நான் பார்த்ததில்லை.

"இதுக்குப் பேர் பாலிமயோசைட்டிஸ்" என்று வங்காளியில் சொன்னார். முப்பது வருஷம் கடையில் நின்றவனுக்கு வங்காளி புரியும். "உடம்புக்குள்ள கிருமியோட சண்டை போட ஒரு படை இருக்கு. உங்க படை கிருமியை விட்டுட்டு, உங்க தசையையே எதிரின்னு நினைச்சுக்கிட்டு அடிக்குது. அடிபட்ட இடம் அழலும், வீங்கும். அதான் கை எழும்பல. தொண்டையிலயும் தசைதான் இருக்கு."

எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது, உயிர் பிழைப்பேனா என்று. அவரே கண்டுகொண்டார்.

"மூச்சு விடறதும் தசைதான். அங்க போகாம தடுக்கத்தான் மருந்து" என்றார்.

மருந்து ஸ்டீராய்டு. முதலில் நரம்பில் ஏற்றினார்கள். பிறகு காலையில் ஒரு கை மாத்திரை. படையை அடக்கி உட்காரவைக்கிற மருந்து அது. எனக்கு அது வேலை செய்தது. ஒரு வாரம் கழித்து ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார்கள், இறங்கியது. குழாயை எடுத்தார்கள். குழைத்த தயிர்சாதம் இறங்கிய அன்று செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பக்கத்துப் படுக்கையில் நிமாய்பாபு. டிராமில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். வாய் மட்டும் ஓயாது.

"ஓ தாதா, உங்க மாத்ராஜி ஊர்ல பேசறதுக்கும் டிக்கெட் வாங்கணுமா?" என்பார். நான் சிரிப்பேன். "பாருங்க பௌதி, உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு ஒரு பல் காட்டினார். நாளைக்கு ரெண்டு காட்டுவார்" என்று செண்பகத்திடம் சொல்வார். தாதா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி, மாத்ராஜி என்றால் மதராசி. அவள் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொள்வாள்.

மாத்திரை வேலை செய்தது என்றேன். கூடவே வேறொன்றும் வந்தது. தினம் விடிந்ததும் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். அதில் சர்க்கரை கூடிக்கொண்டே போனது. ஸ்டீராய்டு அப்படிச் செய்யுமாம். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கண்டிப்பானவர், ஆனால் நல்ல மனிதர்.

"திங்கட்கிழமையிலிருந்து மாத்திரையைப் பாதியாக்கு. அன்னிலேர்ந்து ராத்திரி இன்சுலின் போடு" என்றார்.

ஷர்மிஷ்டா தயங்கினார். "சார், இவருக்கு இப்பத்தான் தொண்டை திறந்திருக்கு. இவ்வளவு சீக்கிரம் குறைச்சா மறுபடி அடைச்சுக்கும்."

"சர்க்கரை இப்படி ஏறினா, இருக்கிற புண் எல்லாம் சீழ் பிடிக்கும். பக்கத்துப் படுக்கையைப் பார்."

நிமாய்பாபு தன் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மாத்திரை பாதியானால் தண்ணீர் மறுபடி மூக்கு வழியாக வரும். அதன் பிறகு மூச்சு. அன்று பகல் முழுக்க எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் ஷர்மிஷ்டா வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் கவலையும் இருந்தது, ஒரு மாதிரி ஆசையும் இருந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"உங்க ரத்தம் எல்லாம் தலைகீழா இருக்கு, தாதா" என்றார். "காலையில ஸ்டீராய்டு சாப்பிடறவங்களுக்கு மத்தியானத்துக்கு மேலதான் சர்க்கரை ஏறும். விடியும்போது இறங்கிக் கிடக்கும். உங்களுக்கு விடியும்போதுதான் உச்சத்துல இருக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால பார்த்தா அதைவிடக் குறைச்சல். நான் பார்த்த யாருக்கும் இப்படி இல்ல."

பிறகு தன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். அதை என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. நாம் சாப்பிடுகிற சர்க்கரையில் பெரும்பங்கை எரிப்பது தசைதானாம். சண்டை போடுகிற படை சும்மா அடிப்பதில்லை. ரத்தத்தில் ரசாயனச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அந்தச் செய்தி ஈரலுக்கும் போகும், கொழுப்புக்கும் போகும். ஈரல் அதைக் கேட்டுவிட்டு, சண்டைக்கு வேண்டியிருக்கும் என்று சேர்த்துவைத்த சர்க்கரையை அவிழ்த்து விடுமாம். அழற்சி ஒரு பக்கம், சர்க்கரைக் கணக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் படித்துவந்தார்கள். இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடக்கிற காரியம் என்று அப்போதுதான் உலகத்தில் பலர் சொல்ல ஆரம்பித்திருந்தார்களாம்.

"உங்க ஈரல் விடியற்காலையில என்னமோ செய்யுதுன்னு நினைக்கிறேன். அது உண்மையா இருந்தா, இதுவரைக்கும் யாரும் எழுதாத விஷயம்" என்றார். கண் மின்னியது. உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அதுக்கு முன்னால உங்க மாத்திரையைக் காப்பாத்தணும். திங்களுக்குள்ள காரணம் கண்டுபிடிக்கறேன்னு சார்கிட்ட சொல்லியிருக்கேன். நாளைக்கு நானே வந்து ரத்தம் எடுக்கறேன், ஆள் வர்றதுக்கு முன்னாலயே."

சொன்னபடி வந்தார். வார்டு விளக்குகளை இன்னும் போடவில்லை. ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறமாக இருந்தது. செண்பகம் அவருக்கும் முன்னால் வந்துவிட்டிருந்தாள். டாக்குரியாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். மாஷி என்று எல்லோரும் கூப்பிடும் வார்டு ஆயாவுக்கு அவளைத் தெரியும் என்பதால் கேட்டில் விட்டுவிடுவாள். என்னைப் பார்த்துவிட்டு, அவள் அரைத்து விற்கும் இட்லி மாவைக் கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் கொடுக்க ஓடுவாள்.

டாக்டரைக் கண்டதும் அவளுக்குப் பதற்றம். உட்கார வைக்க நாற்காலி இல்லை. தேடி வந்த பெரிய மனுஷியை வெறுமனே நிற்க விடுவதா? கட்டிலுக்குக் கீழே இருந்த துணிப்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். டம்ளரில் ஊற்றி, டவராவில் ஆற்றி, நுரையோடு நீட்டினாள்.

"டாக்டரம்மா, ஒரு வாய் குடிங்க. எங்க கடைத் தூள்."

ஷர்மிஷ்டா மறுக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"அடேயப்பா! என்ன மணம்! இவ்வளவு பாலா? சர்க்கரை எத்தனை ஸ்பூன் போடறீங்க பௌதி? ரசகுல்லா தோத்துடும்!"

செண்பகத்துக்குப் பெருமை. "அவுகளுக்குக் கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தான் பிடிக்கும். இத்தனை நாளு தொண்டையில ஒண்ணும் இறங்காம கிடந்தாகல்லா? இப்ப இறங்குதே! அதான் தினம் ரெண்டு டம்ளர் கொண்டு வாரேன்" என்று பாதித் தமிழும் பாதி வங்காளியுமாகச் சொல்லிக்கொண்டே எனக்கான டம்ளரில் ஊற்றினாள்.

ஷர்மிஷ்டாவின் கை அந்தரத்தில் நின்றது.

"தினமுமா? எப்போ?"

"இப்பதான். ரத்தம் எடுக்க ஆளு வாரதுக்கு முன்னாடி. பாவம், வெறும் வயிறால்லா? தெம்பு வேண்டாமா?"

"வெறும் வயிறு..." என்றார் ஷர்மிஷ்டா.

"ஆமா. ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு பருக்கை கொடுக்கல, அம்மா. தண்ணிகூட யோசிச்சுத்தான் கொடுக்கேன். முருகன் மேல ஆணை."

அவள் சொன்னது முழு உண்மை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கிருத்திகை விரதம் மிகக் கடுமை. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு இருப்பாள் செண்பகம். ஆனால் காலைக் காபி உண்டு. அவள் அம்மாவும் அப்படி, என் அம்மாவும் அப்படி. பல் தேய்ப்பதை எப்படி யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லையோ, அப்படித்தான் காபியும். ரத்தம் எடுக்க வருகிறவர் தினமும் "வெறும் வயிறுதானே?" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். காபி வயிற்றில் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஷர்மிஷ்டா டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவருடைய தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார்.

நிமாய்பாபு எழுந்து உட்கார்ந்துகொண்டார். "என்ன, என்ன ஆச்சு?"

"நிமாய்பாபு, இவர் தினம் காலையில இதைக் குடிக்கறதை நீங்க பார்த்ததில்லையா?"

"பார்க்காம என்ன? மூக்குக்குப் பக்கத்துல மணக்குது! பௌதி அவ்வளவு பக்தியோட ஊட்டுவாங்க. உங்க ஊர்க் கஷாயம்னு நினைச்சேன்."

ஷர்மிஷ்டா மறுபடி சிரித்தார். செண்பகத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. விஷயம் மெல்ல அவளுக்குப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"நானா? நான் கொடுத்ததாலயா அவுகளுக்கு மாத்திரையைக் குறைக்கப் பாத்தாங்க?"

ஷர்மிஷ்டா எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இல்ல பௌதி. நாங்க ஒருத்தரும் ஒழுங்கா கேக்கல. வெறும் வயிறுன்னா என்னன்னு உங்ககிட்ட சொல்லவும் இல்ல. நான் எத்தனை புஸ்தகத்தைப் புரட்டினேன், இவர் ஈரல் ரகசியம் தெரிஞ்சுக்க! பக்கத்துல உட்கார்ந்து, காலையில என்ன செய்றீங்கன்னு கேக்கத் தோணல."

மறுநாள் செண்பகம் வெறுங்கையோடு வந்தாள். என் கட்டிலருகே நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். காபி இல்லாமல் எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. ஷர்மிஷ்டாவே ரத்தம் எடுத்தார். அதற்கடுத்த நாளும் எடுத்தார். திங்களன்று ரவுண்ட்ஸுக்கு முன்னால் ரிப்போர்ட்டோடு வந்தார்.

"விடியற்காலைச் சர்க்கரை சரியா இருக்கு" என்றார். "மத்தியானம் கொஞ்சம் ஏறுது. எல்லாருக்கும் ஏறுற மாதிரிதான். அதைச் சாப்பாட்டுல பார்த்துக்கலாம்."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவரைப் பார்த்து மனசு சங்கடப்பட்டது. பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அந்தக் கண்கள் மின்னியதை நான் பார்த்தவன். பேசாத வாயைத் திறந்து கேட்டேன். "உங்க ஆராய்ச்சி போச்சே, டாக்டர்?"

"இல்லாததை இருக்குன்னு எழுதியிருப்பேன். தப்பிச்சேன்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னிடமிருந்து அதுவரை எடுத்த விடியற்காலை ரத்தக் கணக்கு அத்தனையையும் அடித்துவிட்டதாகச் சொன்னார். எத்தனை நாள் உழைப்பு! பிறகு, முதலிலிருந்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சம்மதமா என்று, ஏதோ கடன் கேட்கிறவர் மாதிரி கேட்டார். கையை நீட்டினேன். முழங்கை உயரத்துக்குத்தான் எழுந்தது. அது போதும் என்றார்.

பெரிய டாக்டர் வந்தார். நடந்ததை ஷர்மிஷ்டா ஒளிக்காமல் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், செண்பகத்தைப் பார்த்தார். "ராத்திரி இன்சுலின் போட்டிருந்தா, சரியா இருக்கிற சர்க்கரை இன்னும் கீழே போயிருக்கும். விடியும்போது மயங்கிக் கிடந்திருப்பார்" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "இன்சுலின் வேண்டாம். மாத்திரை அப்படியே இருக்கட்டும்."

வீடு திரும்பிய பிறகும் மாதாமாதம் போனேன். ஒருமுறை, மாணவர்களுக்குப் பாடம் நடக்கும் படிக்கட்டு ஹாலில் என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். எதிரில் வரிசை வரிசையாக இளம் முகங்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஷர்மிஷ்டா என் நோயை விளக்கினார். பிறகு தான் செய்துவிட இருந்த தப்பை, பெரிய டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, ஒன்று விடாமல் சொன்னார். ஹால் சிரித்தது. அவரும் சிரித்தார். படித்தவர்கள் தங்கள் தப்பை இப்படி நடு ஹாலில் வைத்து நான் பார்த்ததில்லை. அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று, நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயப்படுகிற எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒரு மாணவன் எழுந்து என்னிடம் கேட்டான். "நீங்க ஏன் முதல்லயே சொல்லல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "யாரும் கேக்கல" என்றேன்.

இந்த முறை ஹால் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் திரும்பி மாணவர்களைப் பார்த்தார். "கேட்டுதா?" என்றார். "அப்போ கேளுங்க."

ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன், கடையில் எதைத் தூக்குவேன், முதலில் எந்த வேலை முடியாமல் போனது, விரத நாளில் என்னென்ன சாப்பிடலாம். நான் பதில் சொன்னேன். என் வாழ்நாளில் அத்தனை பேர் என்னிடம் அத்தனை கேள்வி கேட்டதில்லை. நானும் அத்தனை பேசியதில்லை. கடைசியில் பெரிய டாக்டர் எழுந்து வந்து என் தோளை அழுத்திப் பார்த்தார், கையை மேலே தூக்கச் சொல்லி அதன்மேல் தன் கையை வைத்து அமுக்கினார். ஷர்மிஷ்டாவிடம் ஏதோ சொன்னார். ஷர்மிஷ்டா சீட்டை எழுதி என் கையில் கொடுத்தார்.

வெளியே வராந்தாவில் செண்பகம் காத்திருந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள். மாத்திரையின் எண்ணிக்கையைப் படிக்கும் அளவுக்கு அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். பிளாட்பாரத்தில் ரயிலைத் தவறவிட்டவள் மாதிரி நின்றாள்.

"குறைச்சிட்டாங்களா?" என்றாள்.

"குறைச்சிட்டாங்க."

"ஏன்? இப்ப நான் ஒண்ணுமே கொடுக்கலியே!"

"சர்க்கரைக்காக இல்ல செண்பகம்" என்றேன். "இனிமே அவ்வளவு வேண்டாமாம். தசை தேறிட்டுதாம்."

அவள் சீட்டை மறுபடி பார்த்தாள். பிறகு என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்ற மறந்து, ஷர்மிஷ்டாவின் காலைத் தொட ஹாலுக்குள் ஓடினாள்.